அரிசி மாவு மாத்திரை

பதினெட்டு வருஷம் கம்பவுண்டராக மாரடித்தவன் நான், கியாசுதீன். வேலையே வேண்டாம் என்று அலுத்துப்போனது எழுபத்து நாலில்தான். செங்கல்பட்டில் ஒரு ஆஸ்பத்திரி. முடக்கத்தான் இலை மூட்டுவலிக்குக் கேட்கிறதா என்று டாக்டர் ஜானகிராமன் சோதித்தார். பாதிப் பேருக்கு இலைப்பொடி அடைத்த மாத்திரை, பாதிப் பேருக்கு வெறும் அரிசி மாவு. யாருக்கு எது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டோம். வாயைத் திறக்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு.

திருப்போரூர்ப் பக்கத்திலிருந்து வந்த காசியம்மாளுக்கு விழுந்தது அரிசி மாவு. நடவு வேலை செய்கிறவள், முழங்கால் மடங்காது. இந்த நடவுக்குள் குனிய முடியாவிட்டால் மேஸ்திரி வேறு ஆளைச் சேர்த்துக்கொள்வான். அவள் வீட்டில் சம்பாதிக்க வேறு ஆளில்லை.

"எப்டிம்மா கீது?"

"அப்டியேதான் கீது பாய்."

வாராவாரம் இதையே கேட்டு இதையே எழுதினேன். என்ன பிழைப்போ.

ஐந்தாம் வாரம் சிரித்துக்கொண்டே வந்தாள். கால் கொஞ்சம் மடங்குகிறதாம். அவளோடு நடவுக்குப் போகிற, இலைப்பொடி வாங்கிய சகுந்தலாவுக்கோ குறைந்திருந்த வலி திரும்பிவிட்டது. டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை.

"மொதல்ல இவுளுக்குக் கேட்டுது, எனக்குக் கேக்கல" என்றாள் காசியம்மாள், சகுந்தலாவைக் காட்டி. "எங்கூர்லேர்ந்து இங்க வர்ற எட்டு பேரும் ஒரே சேத்துல நிக்கறோம், ஒரே கூழத்தான் குடிக்கறோம். மாத்தர மட்டும் இன்னா தனித்தனியா? ரெண்டு வாரமா எல்லாத்தையும் ஒரே சட்டியில கொட்டி, கலந்து பிரிச்சிக்கினோம்."

டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது, ஒரு வருஷ உழைப்பு. எட்டுப் பெயரையும் நோட்டிலிருந்து அடித்தார். மருந்தும் அத்தோடு நின்றது.

மத்தியானம் வெளியே வந்தேன். காசியம்மாள் வேலியோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அடுத்த வாரம் நடவு. அந்த வேலி பூராவும் முடக்கத்தான் படர்ந்து கிடந்தது. வேலை போனால் போகட்டும் என்று ஒரு பிடி பறித்து அவள் மடியில் போட்டேன்.

"இதாம்மா அந்த மருந்து. ஒனக்குக் குட்த்தது அரிசி மாவு."

இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுவா? எங்கூட்டு வேலியில மண்டிக் கெடக்குது. ஆட்டுக்கு அறுத்துப் போட்டுகினு கீறேன்."

எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. வேலியைப் பிடித்து மெல்ல எழுந்தாள்.

"மொத நாளே சொல்லியிருந்தா இந்நேரம் குனிஞ்சிருப்பேன் பாய்" என்றாள். இலையை முந்தானையில் முடிந்துகொண்டு, நொண்டியபடி பஸ்ஸுக்கு நடந்தாள்.