மிஞ்சிய வசனம்

பாரிசவாதம் அடித்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று என் கணவர் வாயிலிருந்து வந்த முதல் சொல்லை இங்கே எழுத முடியாது. அது என் காக்காவின், என் மூத்த சகோதரரின், முகத்துக்கு நேரே வந்தது. காக்கா நண்பகல் லுஹர் தொழுதுவிட்டுச் சுகம் விசாரிக்க வந்து, கட்டிலருகே குனிந்து, "மச்சான், இப்ப எப்பிடி இரிக்கு?" என்று கேட்டார். இவர் கோணிய உதட்டைத் திறந்து, கடற்கரையில் தோணி தள்ளுகிறவர்கள்கூடப் பெண்கள் காதுபடச் சொல்லாத ஒரு சொல்லை, ஓர் எழுத்தும் பிசகாமல் சொன்னார்.

காக்கா நெருப்பு பட்டவரைப்போல் நிமிர்ந்தார். நான் என் கணவரின் கண்களைப் பார்த்தேன். அவற்றில் பயம் நிறைந்திருந்தது. தான் சொல்ல நினைத்தது அதுவல்ல என்று அவருக்கே தெரிந்திருந்தது. திருத்திச் சொல்ல மறுபடியும் வாயைத் திறந்தார். மறுபடியும் அதே சொல்தான் வந்தது.

"நாடகம் ஆடின வாய்க்கு அல்லாஹ் குடுத்த கூலி" என்று சொல்லிவிட்டுக் காக்கா போய்விட்டார்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. இலங்கையின் கிழக்குக் கரையில், சாய்ந்தமருதில் எங்கள் வீடு. என் கணவருக்குக் கல்முனைக் கடைத்தெருவில் துணிக்கடை. பகலில் சாரனும் சீத்தையும் விற்பார். பெருநாள் காலத்தில் மேடையேறிவிட்டால் அவர்தான் வில்லன். உயரமும் அகன்ற தோளும் கனத்த குரலும் அவருக்கு. கொடுங்கோல் மன்னன், துரோகத் தளபதி, கொள்ளைக்காரன் எல்லாம் அவருக்கென்றே எழுதப்பட்டவை. அவர் வாளை உருவினால் முன்வரிசைப் பிள்ளைகள் எழும்பி ஓடும். மறைப்புக்குப் பின்னால் பெண்கள் பக்கத்தில் இருக்கும்போது என்னிடம் கேட்பார்கள்: "வீட்டுலயும் இப்பிடித்தானா புள்ள?" நான் சிரிப்பேன். வீட்டில் கோழி அறுக்கக்கூடப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிறவர் அவர்.

வாதம் வந்த பிறகு அந்த மனிதர் வீட்டுக்குள்ளேயே அடிக்கத் தொடங்கினார்.

வலது கையும் காலும் கிடந்தபடி கிடந்தன. ஆனால் இடது கைக்கு இரண்டு கைகளின் பலமும் வந்திருந்தது. தண்ணீர் வேண்டும் என்று கேட்க நினைப்பார், ஏச்சு வரும். நான் என்ன வேண்டுமென்று விளங்காமல் தலையணையைச் சரிசெய்வேன். அடுத்து கைக்கு அகப்பட்டதை எறிவார். கோப்பை, மருந்துப் போத்தல், எண்ணெய்ச் சட்டி. ஒருநாள் சோற்றுப் பீங்கான் என் நெற்றியில் பட்டு உடைந்தது. புருவத்துக்கு மேலே பிளந்து இரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. மகள் அலறிக்கொண்டு வெளியே ஓடினாள். அவரோ என் இரத்தத்தைப் பார்த்துக்கொண்டே, அழுதுகொண்டே, தன் தலையைச் சுவரில் மோதினார்.

மகள் போய் நின்றது காக்காவின் வீட்டில். காக்கா கொடிக் கயிற்றோடு வந்தார். நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, அவரும் அவருடன் வந்த இரண்டு பேரும் இவரைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டினார்கள். இவர் ஒருவரின் முன்கையைக் கடித்துத் தோலை உரித்தார். அவர் இவருடைய கன்னத்தில் அறைந்தார். அந்தச் சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது.

"கெடக்கட்டும் புள்ள. உன்னைக் கொன்னு போட்டா நாங்க என்ன செய்யிற?" என்றார் காக்கா.

அவர்கள் போனதும் மீன் வெட்டுகிற கத்தியை எடுத்துவந்து கயிற்றை அறுத்தேன். கடைசி முடிச்சு விடுபட்டதும் அவர் இடது கையால் என் கூந்தலைப் பற்றி முகத்தைக் கட்டில் சட்டத்தில் அழுத்தினார். மூச்சு முட்டியது. கத்தி என் கையில்தான் இருந்தது. அதைத் தூர எறிந்துவிட்டு, அவர் மணிக்கட்டைப் பற்களுக்கிடையில் வைத்து எலும்பு தட்டும்வரை கடித்தேன். பிடி விட்டது. "இன்னொருக்கா என்ட தலையில கை வெச்சா இந்தக் கையும் உங்களுக்கு இரிக்காது" என்றேன். என் வாயில் அவருடைய இரத்தம் இருந்தது. அதற்காக நான் வருந்தியதே இல்லை. அதற்குப் பிறகு அவர் பொருள்களை எறிந்தார், சுவரைக் குத்தினார். என்மேல் கை வைக்கவில்லை.

அடுத்த கிழமை அவருடைய கூட்டாளி வந்தார். நாடகங்களில் எப்போதும் இளவரசன் வேஷம் போடுகிறவர். தொழில் பேக்கரி, விடியும்வரை பாண் போட்டு, பகலில் தூங்கி, மாலை அஸர் தொழுகைக்குப் பின்தான் வெளியே தலைகாட்டுவார். நிரை நிரையான வெள்ளைப் பற்கள். அந்தச் சிரிப்புக்காகவே அவருக்கு இளவரசன் வேஷம் கிடைத்தது என்று என் கணவர் பகிடி பண்ணுவார்.

கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கடைக்கதை, ஊர்க்கதை எல்லாம் கதைத்தார். இவர் பதிலுக்கு ஏச்சு ஏச்சாகத் துப்பினார். கூட்டாளி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு எழும்பி, மூலையில் கிடந்த விளக்குமாற்றை எடுத்து வாளைப்போல் நீட்டி, மேடைக் குரலில் முழங்கினார்:

"கொடியவனே! நீ யாரென்று உலகம் அறியட்டும். உன் பெயரைச் சொல்!"

இவர் முகம் மாறியது. கழுத்து நிமிர்ந்தது. அடி வயிற்றிலிருந்து அந்தப் பழைய குரல் வந்தது.

"என் பெயரைக் கேட்கும் துணிவு உனக்கு எப்படி வந்தது, பேதையே? நாவை அடக்கு! இல்லையேல் உன் சிரசைக் கொய்து கோட்டை வாசலில் தொங்கவிடுவேன்!"

ஒரு சொல்கூடத் தடக்கவில்லை. கூட்டாளியின் கையிலிருந்து விளக்குமாறு விழுந்தது. நான் அடுக்களை வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

கிளினிக்கில் இருந்த இளம் டாக்டரிடம் இதைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "மூளையின்ட இடப்பக்கம் பழுதாயிருக்கு. புதிசாச் சொல் கோத்துக் கதைக்கிறது அங்கதான். மனப்பாடம் பண்ணினது, பாட்டு, ஏச்சு எல்லாம் வேற வழியால வரும். சூறா ஓதச் சொல்லிப் பாத்தீங்களா?"

நாங்கள் பார்க்கவில்லை. அந்த வாயில் அல்லாஹ்வின் சொல்லை வைக்க யாருக்கும் மனம் துணியவில்லை. அன்று வீட்டுக்கு வந்து நான் "அல்ஹம்து" என்று தொடங்கினேன். அவர் முடித்தார். அடுத்த நாள் காக்காவைக் கூப்பிட்டு வாசலில் நிறுத்தி அதைக் கேட்க வைத்தேன். காக்கா உள்ளே வந்து, கயிற்றுத் தழும்பு இருந்த கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் தினமும் அஸருக்குப் பின் சண்டைக்காட்சி. கூட்டாளி இரண்டு கம்புகள் வெட்டிக்கொண்டு வந்தார். முதலில் இடது கையால் அடிக்க விட்டார். பிறகு வலது கையைக் கம்போடு துணியால் சுற்றிக் கட்டி, "அடி மச்சான், என்னைக் கொல்லு, நான்தான் உன்ட ராச்சியத்தப் பறிச்சவன்" என்று உசுப்பினார். கை இம்மியளவும் அசையாத நாட்களும் இருந்தன. அசைந்த நாளில் கம்பு கூட்டாளியின் காதைப் பதம் பார்த்தது. அவர் காதைப் பொத்திக்கொண்டு துள்ளிக் குதித்தார்.

தேத்தண்ணி வேண்டுமென்றால் இவர், "அடேய், கொண்டு வா அந்தக் கிண்ணத்தை!" என்று கர்ஜிப்பார். நஞ்சுக் கிண்ணத்தைக் கேட்கிற வசனம் அது. நான் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

ஒரு முறை கூட்டாளியும் கிளினிக்குக்கு வந்து டாக்டருடன் வாதாடினார்.

"இது கதைக்கிறது இல்லை," என்றார் டாக்டர். "வசனம் ஒப்புவிக்கிறார். தன்ட மனசில இருக்கிறதைச் சொல்லேல்ல."

"டாக்டர், நீங்க நாடகம் ஆடினதில்ல. வசனத்த வெறுமன ஒப்புவிச்சா சனம் கல்லெறியும். அந்த நேரத்துக் கோபத்த அதுக்குள்ள வெச்சாத்தான் அது நிக்கும். இவர் தேத்தண்ணி கேக்கக்குள்ள அதுக்குள்ள தாகம் இரிக்கு."

டாக்டர் சிரித்தார். "சரி, செய்யுங்கோ. ஆனா வெளியில கவனம். கேக்கிற ஆளுக்கு இது நாடகமெண்டு தெரியாது."

அவர் சொன்னது அடுத்த மாதமே எங்களைத் தேடி வந்தது.

வீதியெங்கும் பதற்றமாக இருந்த நாட்கள். கடைகள் எரிந்திருந்தன. சாய்ந்தமருதிலிருந்து கல்முனைக்குப் போகிற அந்தச் சின்னத் தூரத்துக்குள்ளேயே சீருடைக்காரர்கள் துப்பாக்கிகளோடு மணல் மூட்டை அடுக்கித் தடை போட்டிருந்தார்கள். கிளினிக்குக்குப் போக வாடகைக் காரில் முன்னால் இவர், பின்னால் நானும் கூட்டாளியும். எல்லோரையும் இறங்கச் சொன்னார்கள். இவரைத் தாங்கிப் பிடித்து இறக்கினோம். ஓர் இளைஞன், மகளைவிட ஏழெட்டு வயதுதான் மூத்திருப்பான், இவருக்கு முன்னால் வந்து நின்றான். தெரிந்த கொஞ்சத் தமிழில் கேட்டான்:

"பேர் என்ன?"

நான் சொல்ல வாயெடுத்தேன். கையால் என்னைத் தடுத்தான். "நீ இல்ல. அவன்."

என் கணவர் முயன்றார். கழுத்து நரம்பு புடைத்தது. தன் பெயரை, வாப்பாவும் உம்மாவும் வைத்த பெயரை, அவர் உள்ளே தேடுவது எனக்குத் தெரிந்தது. கேள்வி பழக்கமான கேள்வி. அதற்குப் பழக்கமான பதில் ஒன்று அவரிடம் இருந்தது.

"என் பெயரைக் கேட்கும் துணிவு உனக்கு எப்படி வந்தது, பேதையே?"

கனத்த குரல் வீதி முழுக்கக் கேட்டது. "உன் சிரசைக் கொய்து..." என்பதற்குள் துவக்கின் பிடி அவருடைய தோளில் இறங்கியது. எலும்பு முறிகிற சத்தம் காய்ந்த மட்டையை முறிக்கிற சத்தம்போல் இருந்தது. விழுந்தார். விழுந்த பிறகும் வசனம் நிற்கவில்லை. தொடங்கினால் முடிக்காமல் நிறுத்த அவரால் ஏலாது. இன்னும் இரண்டு பேர் ஓடிவந்து மிதித்தார்கள். விலாவில், முதுகில், முடமான காலில். நான் எனக்குத் தெரிந்த இரண்டே சிங்களச் சொற்களைக் கத்தினேன். "லெடா! மாத்தயா, லெடா!" நோயாளி, ஐயா, நோயாளி. ஒருவன் என்னைக் காரோடு சேர்த்துத் தள்ளினான். கூட்டாளி இவர்மேல் விழுந்து படுத்தார். அவரைப் புரட்டி எடுத்து, துவக்கின் பிடியால் வாயிலேயே இடித்தார்கள்.

மூத்தவன் ஒருவன் உள்ளேயிருந்து வந்து, என் கையிலிருந்த கிளினிக் துண்டுச் சீட்டை வாங்கிப் பார்த்து, ஏதோ அதட்டினான். அடி நின்றது. தார் வீதியில் கூட்டாளியின் பற்கள் கிடந்தன. முன்பற்கள். இவர் அவற்றைப் பார்த்தார். அதன்பின் கிளினிக்வரை வாயைத் திறக்கவேயில்லை.

தோள்மூட்டும் இரண்டு விலா எலும்புகளும் உடைந்திருந்தன. எலும்பு பொருந்தியது. ஆனால் அவர் வசனத்தை விட்டுவிட்டார். கூட்டாளி எத்தனை முறை "உன் பெயரைச் சொல்" என்று தூண்டினாலும் தலையை மறுபக்கம் திருப்பிக்கொள்வார். ஏச்சும் போய்விட்டது. சுவரில் குத்துவதும் போய்விட்டது. அந்த அமைதி எனக்கு எறிந்த பீங்கான்களைவிடப் பயமாயிருந்தது. உணவு ஊட்டும்போது அவர் கண்கள் எங்கோ இருக்கும். தொழுகைக்கு மட்டும் உதடு அசையும்.

கூட்டாளி விடவில்லை. வாய்ப்புண் ஆறியதும் வழமைபோல் அஸருக்குப் பின் வந்து உட்கார்ந்துகொள்வார். கம்பையும் விளக்குமாற்றையும் தொடவில்லை. பாண் துண்டைத் தேத்தண்ணியில் நனைத்து, கடைவாயால் மென்றுகொண்டே, அடுத்த பெருநாளுக்கு இளைஞர்கள் போடப்போகிற நாடகத்தைப் பற்றிக் கதைப்பார். "என்னையும் கேட்டாங்க மச்சான். இந்த வாயை வெச்சிட்டு நான் என்ன வேசம் போடுற?"

இவர் மெல்லத் திரும்பினார். கூட்டாளியின் வாயையே பார்த்தார். அந்தக் கறுப்பு இடைவெளியை. நெற்றியில் வியர்வை கண்டது.

"பல்லு," என்றார்.

மேடைக்குரலில் அல்ல. சின்னக் குரல், கொழகொழப்பு. கூட்டாளி மெல்லுவதை நிறுத்தினார். நான் கையிலிருந்த கூடையை வைத்துவிட்டு அருகே வந்தேன். எந்த நாடகத்திலும் இல்லாத சொல் அது.

"ஓம் மச்சான். பல்லு போயிட்டு."

அவர் இன்னும் எதையோ இழுத்தெடுத்துக்கொண்டிருந்தார். இடது கை கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்திருந்தது. "கெ... கெழவன்," என்றார். மூச்சு வாங்கினார். "கெழவன்... வேசம்."

கூட்டாளி ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு ஓட்டை வாய் தெரியச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார்.

பெருநாள் நாடகத்தில் அவர் ஆண்டிக் கிழவனாக வந்தார். சனம் அவரை இளவரசனாகப் பார்த்ததைவிட அதிகமாகக் கைதட்டியது. என் கணவர் முன்வரிசையில், கைத்தடியை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு, புதிதாக வில்லன் வேஷம் போட்ட பொடியனை முகத்தைச் சுளித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாராம். நான் மறைப்புக்குப் பின்னால். நாடகம் முடிந்து சைக்கிள்காரர்கள் கலைகிற இரைச்சலில் அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தபோது என் காதருகே குனிந்தார்.

"அவன்... சும்மா... கத்துறான்," என்றார்.