தரை காலியாக இல்லை

திருவண்ணாமலையில் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அரங்கத்துக்கு மரத்தரை போட்டவன் நான். படித்தது ஐந்தாவதுதான், ஒரு பலகைகூட இன்றுவரை அசையவில்லை. நேற்று மகளின் ஆட்டம் பார்க்கப் போனால், பட்டமளிப்பு விழாவுக்கு அதே தரையில் நாற்காலிகளைச் சரசரவென இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சின்ன வயதில் எங்கள் களத்தில் வேர்க்கடலை கொட்டும் சத்தம் அப்படித்தான் இருக்கும்.

கீழ்பென்னாத்தூரில் எங்களுக்கு அந்தக் களம் ஒன்றுதான் சமமான இடம். சாணி மெழுகிய ஈரம் காய்ந்ததும் சாம்பலால் கபடிக் கோடு போடுவோம். அப்பா கோட்டின் மேலேயே கடலையைக் கொட்டுவார்.

“இன்னைக்கு மேலத்தெருகூட போட்டிப்பா.”

“கடலை காயட்டும்டா, அப்புறம் ஆடிக்க.”

கடலைக்குப் பின் கேழ்வரகு, பிறகு நெல். களம் காலியானபோது நான் செங்கல் சுமக்கப் போய்விட்டேன்.

அரங்கப் பொறுப்பாளர், “பொண்ணு இன்னொரு நாள் ஆடட்டும் சார்” என்றார்.

“எந்த நாள்னு எழுதிக் குடுங்க” என்று முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டேன்.