ஜாவாவும் ஒரு சின்ன எல்லும்

அந்தக் கம்ப்யூட்டரைக் குயிலாப்பாளையத்தில் வாங்கினோம். சொந்த நாட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரர், "இதுல லினக்ஸ்தான் இருக்கு, பரவாயில்லையா?" என்று தமிழிலேயே கேட்டார். லினக்ஸ் என்பது கம்ப்யூட்டரை இயக்கும் புரோகிராம்களில் இன்னொரு வகை என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. டைப் அடிக்கலாமா என்று மட்டும் கேட்டேன். தாராளமாக அடிக்கலாம் என்றார். அண்ணன் அதைப் போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்து எங்கள் ஊர் மரக்காணத்துக்குக் கொண்டுவந்தார். உப்புக்காற்றில் ஆறே மாதத்தில் அதன் திருகெல்லாம் துருவேறிவிட்டது. ஆனாலும் ஓடியது.

நான் அப்போது ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆங்கிலம் ஹையர் பரிட்சையில் முதல் வகுப்பில் பாஸானவள். என் டைப்பில் யாராவது தப்புக் கண்டுபிடித்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. அவ்வளவு திமிர். 2005இல் இன்ஸ்டிடியூட்காரர் அடுத்த மாதத்தோடு மூடப்போவதாகச் சொல்லிவிட்டார். அதே வாரம் நான் விண்ணப்பித்திருந்த பாண்டிச்சேரி கம்பெனி ஒன்றிலிருந்து மெயில் வந்தது. வீட்டிலிருந்தே டைப் செய்து அனுப்பும் வேலை. வீட்டு வேலை என்பதால் பரிட்சையையும் நம் வீட்டுக் கம்ப்யூட்டரில், நம் வீட்டு டெலிபோன் லைனில்தான் எழுத வேண்டும். சனிக்கிழமை மூன்று மணிக்கு, ஒரே ஒரு தடவை. தவறவிட்டால் அண்ணியோடு நானும் உப்பளத்துக்குப் போக வேண்டியதுதான். அண்ணியின் பாதத்தில் இருந்த வெடிப்புகளைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். எனக்கு அது வேண்டாம்.

வியாழக்கிழமை மாதிரிப் பரிட்சையைத் திறந்து பார்த்தேன். டைப் அடிக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் கட்டம். ஜாவா பிளக்-இன் இல்லை என்றது. பிளக்-இன் என்பது பிரவுசரோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்கிற ஒரு குட்டி புரோகிராம். மற்றவர்கள் கம்ப்யூட்டரில் இரண்டு கிளிக்கில் முடிகிற காரியம், என் லினக்ஸில் இரண்டு நாளைத் தின்றது.

டெலிபோன் லைனில் அவ்வளவு பெரிய ஃபைல் இறங்காததால் வெள்ளிக்கிழமை பாண்டிச்சேரி போய், ஒரு பிரவுசிங் சென்டரில் ஜாவாவை சிடியில் ஏற்றி, செய்முறையையும் இரண்டு தாளில் பிரிண்ட் எடுத்துவந்தேன். ஜாவா ஒழுங்காக ஏறியது. பிளக்-இன் இருக்கும் இடத்தைப் பிரவுசருக்குக் காட்டிக்கொடுக்கும் கடைசி வரிதான் பாக்கி. தாளில் இருந்தபடி ஆங்கிலத்தில் பெரிய ஐ, சின்ன என் என்று ஆரம்பித்து அடித்தேன். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது. பத்துத் தடவை அடித்தேன். பத்துத் தடவையும் அதே பதில். என் கை தப்பு செய்யாது, தாள்தான் தப்பு என்று முடிவு கட்டினேன்.

அந்த வரிக்குக் கீழே தடித்த எழுத்தில், காப்பி எடுக்காதீர்கள் என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. கேசட் அட்டையில் போடுவார்களே, அந்த மாதிரி எச்சரிக்கை என்று நினைத்துவிட்டேன். எவன் பார்க்கப்போகிறான் என்று அந்த பிளக்-இன் ஃபைலைக் காப்பி எடுத்துப் பிரவுசரின் ஃபோல்டரில் போட்டேன். பரிட்சைப் பக்கத்தைத் திறந்ததும் பிரவுசர் துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று மறைந்துபோனது. திரும்பத் திறந்தாலும் அதே கதைதான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு அண்ணி உப்பு வாரிவிட்டு வந்தார். கை கால்கூடக் கழுவவில்லை.

"ஏம்மா, தெருக் குழாய்க்கு ஒரு மனு அடிச்சிக் குடேன். ரெண்டு மணிக்குள்ள பஞ்சாயத்து ஆபீசுல குடுக்கணும்."

"நானே எரிச்சல்ல இருக்கேன் அண்ணி."

"எரிச்சலு கைக்கா வாய்க்கா? கைய வச்சி அடி."

வேறு வழியில்லாமல், மூலையில் கிடந்த என் பழைய ஆங்கில டைப்ரைட்டரின் முன்னால் உட்கார்ந்தேன். அண்ணி தோளுக்கு மேலே நின்று வேவு பார்த்தார். கதவு எண் பதினொன்று என்று அடித்தபோது என் கையைத் தட்டினார்.

"பதினொண்ணுன்னா ரெண்டு ஒண்ணு போடணும். நீ என்னாத்துக்கு எல்லு மேல ரெண்டு வாட்டி அடிக்கற? நானும் எட்டாவது படிச்சிருக்கேன்."

"இந்த மெஷின்ல ஒண்ணுங்கிற நம்பரே கிடையாது அண்ணி. சின்ன எல்லத்தான் ஒண்ணா வச்சிக்கணும். பாத்தா எல்லாம் ஒரே குச்சிதானே..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே கை நின்றுவிட்டது. ஒரே குச்சி! தாளை எடுத்துப் பார்த்தேன். அந்த அச்செழுத்தில் பெரிய ஐயும் சின்ன எல்லும் ஒரே குச்சியாகத்தான் நின்றன. நான் ஐ-என் என்று படித்தது ஐ-என் இல்லை, எல்-என். லிங்க் என்பதன் எல். ஃபைலைத் தூக்கிக்கொண்டு வராதே, அது இருக்கும் இடத்தை மட்டும் காட்டிக்கொடு என்றுதான் அந்தத் தாள் நேற்றிலிருந்து கத்திக்கொண்டிருந்திருக்கிறது!

கம்ப்யூட்டருக்குப் பாய்ந்தேன். காப்பி எடுத்த ஃபைலை அழித்தேன். எல்-என் என்று ஆரம்பித்து வரி முழுவதையும் அடித்து என்டரைத் தட்டினேன். கம்ப்யூட்டர் ஒன்றுமே சொல்லவில்லை. லினக்ஸ் திட்டாமல் இருந்தாலே பாராட்டு என்பது அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. மோடம் கீச்சிட்டுக் கத்தி இணைந்தது. பக்கத்தைத் திறந்தேன். இந்தத் தடவை பிரவுசர் மறைந்துபோகவில்லை. சாம்பல் கட்டம் மெல்ல வெளுத்தது, உள்ளே கர்சர் கண் சிமிட்டியது.

"வந்துடுச்சி அண்ணி! வந்துடுச்சி!" என்று அண்ணியைக் கட்டிப்பிடித்துச் சுற்றினேன். என் புடவையெல்லாம் உப்பு. எதற்குச் சுற்றுகிறோம் என்று தெரியாமலே அவரும் சுற்றினார். அவ்வளவு சந்தோஷம் எனக்கு ஹையர் பாஸானபோதுகூட வரவில்லை.

"அப்ப என் மனு?"

"இப்ப மாதிரிப் பரிட்சைய அடிச்சிப் பாக்கணும் அண்ணி. பரிட்சை முடிஞ்சதும் அடிச்சித் தர்றேன், திங்கக்கிழமை நானே கொண்டுபோய்க் குடுக்கறேன்" என்று கெஞ்சினேன். முணுமுணுத்துக்கொண்டே கை கால் கழுவப் போனார்.

மூன்று மணிக்குப் பரிட்சை தொடங்கியது. வந்தது ஒரு கடிதம். விரல்கள் தானாகப் பறந்தன. பாதியில் ஒரு முகவரி, அதில் பதினொன்று. பழக்க தோஷத்தில் என் வலது மோதிர விரல் எல் மேல் இறங்கப் போனது. தொடுவதற்கு ஒரு நூல் முன்னால் பிடித்து நிறுத்திவிட்டேன். இடது சுண்டு விரலை மேல் வரிசைக்கு நீட்டி, உண்மையான ஒன்றை இரண்டு தடவை தட்டினேன்.

முடிந்ததும் திரை தானாகச் சொன்னது: பிழைகள் பூஜ்யம், தேர்வு பெற்றீர்கள், திங்கள் முதல் வேலை.

அண்ணி எட்டிப் பார்த்தார். "பாஸா?"

"பாஸ் அண்ணி."

"அப்ப உப்பளத்துக்கு வரமாட்ட."

"வரமாட்டேன்."

அண்ணி தலையை மட்டும் ஆட்டினார். அவருடைய மனு டைப்ரைட்டரில் பாதியில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் உட்கார்ந்து, கதவு எண்ணுக்கு அடுத்த வரியிலிருந்து அடிக்கத் தொடங்கினேன்.