தம்பிக்கு ஒரு சின்ன கம்ப்யூட்டர்

சட்டை தைக்கும் ஆலையில் அவளுக்குச் செக்கர் அக்கா என்றுதான் பேர். தைத்து முடித்த சட்டை பெட்டிக்குள் போகும் முன் கடைசியாக அவள் கைக்குத்தான் வரும். காலரைத் திருப்பி, கையை உள்வெளியாகப் புரட்டிப் பார்ப்பாள். ஒரு நூல் தொங்கினாலும் திருப்பி அனுப்பிவிடுவாள். "கடவுளே சட்டையா வந்தாலும் இந்தம்மா ஒரு குறை சொல்லும்டி" என்று மெஷின்காரப் பெண்கள் முணுமுணுப்பார்கள். கேட்டும் கேட்காத மாதிரி அடுத்த சட்டையை எடுப்பாள்.

அப்பேர்ப்பட்டவள் தன் தம்பியைப் பற்றி மட்டும் ஒரு குறை சொல்லி யாரும் கேட்டதில்லை. அவன் படப்பிடிப்புகளில் லைட்மேன். இரண்டு பேர் தூக்கத் திணறும் விளக்கை ஒற்றைத் தோளில் ஏற்றி மொட்டைமாடி வரை கொண்டுபோவான். எத்தனையோ படங்களில் வேலை செய்தும் அவன் பெயர் திரையில் வந்ததில்லை. விளக்கு வாடகைக்கு விட்ட கம்பெனியின் பெயரோடு சரி. ஒரே ஒரு சின்னப் படத்தின் இயக்குநர் மட்டும், டீ கொடுத்தவர் உட்பட எல்லார் பெயரையும் கடைசியில் ஓடவிட்டிருந்தார். அந்தப் படம் தியேட்டருக்கே வரவில்லை. வருஷக்கணக்கில் கிடப்பில் கிடந்துவிட்டு இப்போதுதான் இணையத்தில் வந்தது.

அதற்குள் சர்க்கரை நோய் தம்பியின் கண்ணில் கை வைத்திருந்தது. இடது கண் போய்விட்டது. வலது கண்ணுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். "இருக்கிறவரைக்கும் இருக்கும்மா. எப்ப வேணும்னாலும் உள்ள ரத்தம் கசியலாம்" என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அந்தக் கண் இருக்கும்போதே அவன் தன் பெயரைப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அக்காவின் ஒரே கவலை.

முதலில் ஃபோனில் பார்த்தார்கள். "எறும்புச் சாரை மாதிரி போகுதுக்கா. இதுல நான் எந்த எறும்பு?" என்று சிரித்தான். வீட்டு டி.வி. பெரியது, ஆனால் பழையது, இணையம் வராது. பக்கத்து வீட்டில் இருந்த, டி.வி.யின் முதுகில் செருகும் குச்சியை இரவல் வாங்கி மாட்டினாள். படம் முடிந்து பெயர்கள் ஏறத் தொடங்கியதும், அது அவற்றைச் சுருக்கி ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டு வேறு படத்தை ஆரம்பித்தது. அவள் ரிமோட்டில் பொத்தானைத் தேடுவதற்குள் எல்லாம் போய்விட்டது.

"பார்த்தியா, இங்கயும் நம்மள ஓரத்துக்குத்தான் தள்ளுறான்" என்றான் தம்பி.

கம்ப்யூட்டர் கடைக்காரர்தான் வழி சொன்னார். உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி, டி.வி.யோடு இணைத்துவிட்டால் போதும். மவுஸை வைத்து வேண்டிய இடத்தில் நிறுத்தலாம், எழுத்தைப் பெரிதாக்கலாம். அக்கா அதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள், ஓடவிட்டு, இரைகிறதா என்று காதருகே வைத்தாள்.

"அது கம்ப்யூட்டர்க்கா. தேங்கா மாதிரி காதுல வச்சுப் பார்க்கிறீங்களே!"

"அந்தப் படத்தைப் போடுங்க. முழுசாப் பார்க்கணும்."

போட்டார். ஒரு கார் வளைவில் திரும்பும் இடத்தில் காட்சி துளி நேரம் நின்று ஓடியது.

"நிக்குது."

"கண் சிமிட்டுற நேரம்க்கா. இதையெல்லாம் யாரு பார்க்கப் போறாங்க?"

"என் தம்பி பார்ப்பான்."

"அப்ப மெமரி கூடுதலா உள்ளதை வரவழைக்கணும். நாளாகும், பரவாயில்லையா?"

"ஆகட்டும். நல்லதா வரட்டும்."

வீட்டுக்கு வந்து பெருமையாகத்தான் சொன்னாள். தம்பி டி.வி. பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு, "இன்னிக்கே எடுத்துட்டு வந்திருக்கலாம்" என்றான். அவள் முகம் வாடியதைப் பார்த்ததும், "சரி விடு. நீ பாஸ் பண்ணாம எந்தப் பீஸ் வெளிய போயிருக்கு?" என்று சிரித்து மழுப்பினான்.

புதுப் பெட்டி வருவதற்கு முந்தின வாரம், ஒரு காலையில் அவன் சுவரைத் தடவிக்கொண்டு அறை வாசலில் நின்றான். "லைட்டைப் போடேன்க்கா" என்றான். அறை முழுக்க வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

டாக்டர் கையை விரித்துவிட்டார்.

பெட்டி வந்தபோது அவள் பிரிக்கவில்லை. அலமாரிக்கு மேலே துணிமூட்டைக்குப் பின்னால் தள்ளிவிட்டாள். அவன்தான் ஒரு மத்தியானம் கேட்டான்.

"வந்துருச்சாமே. மாட்டு."

"எதுக்குடா இனிமே?"

"படம் பார்க்கத்தான். மாட்டுக்கா."

மாட்டினாள். பெட்டியிலிருந்து இரைச்சலே இல்லை. கார் திரும்பும் இடத்தில் படம் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. எங்கேயும் ஒரு குறை இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கடைசியில் அவன் பெயர் வந்ததும் நிறுத்தி, திரை கொள்ளுமட்டும் பெரிதாக்கி, வாய்விட்டுப் படித்தாள்.

"எனக்கு மேல யாரு?"

"ஜெனரேட்டர்காரர்."

"கீழ?"

"டீக்காரர்."

"நல்லது. டீ பக்கத்துலயே இருக்கு."

அவளால் சிரிக்க முடியவில்லை. "அன்னிக்கே அந்த முதல் பெட்டிய வாங்கியிருந்தா பார்த்திருப்படா" என்றாள்.

இல்லை என்று சொல்வான் என்று நினைத்தாள். "ஆமாக்கா, பார்த்திருப்பேன்" என்றான் அவன்.

அவள் மவுஸை விட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன்தான் மேலே பேசினான்.

"ஜன்னல் ஓரமா ஒரு பொம்பளை உட்கார்ந்திருப்பா. அங்க போய் நிறுத்து. அவ மூக்கு நிழல் எந்தப் பக்கம் விழுது?"

இத்தனை வயதில் அவள் எந்தப் படத்திலும் மூக்கின் நிழலைப் பார்த்ததில்லை. எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனாள்.

"இடது பக்கம்."

"கோடு போட்ட மாதிரியா, மங்கலாவா?"

"மங்கல். எங்க முடியுதுன்னே தெரியல."

அவன் தலையை ஆட்டினான். "அன்னிக்கு மழைக்கா. வெயிலே கிடையாது. வெளிய நனைஞ்சுக்கிட்டு, விளக்கு முன்னால வெள்ளைத் துணிய விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு நின்னது நான்தான்."

அவள் திரையைப் பார்த்தபடியே நின்றாள். அது விளக்கு என்று யாரும் சொல்ல முடியாது; காலை வெயிலேதான்.

"அடுத்த காட்சி என்ன? சொல்லுக்கா" என்றான்.

கண்ணைத் துடைத்த பிறகுதான் அவளுக்குத் திரை தெரிந்தது.