கை நீட்டிக் கொடுத்த எள்ளும் வெல்லமும்

பொங்கலன்று காலை ஏழு நாற்பதுக்கு ஓசூர் பேருந்து நிலையத்தில் கெலமங்கலம் போகும் நகரப் பேருந்தில் ஏறினேன். பெண்களுக்குக் கட்டணமில்லை. நடத்துநர் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "பொங்கலுக்கு ஊருக்குப் போகலைங்களா மேடம்?" என்றார். என் ஊர் தென்காசிப் பக்கம். கம்பெனி கொடுத்ததோ ஒரே ஒரு நாள் விடுமுறை. போய்வரக் கிளம்பினால் பேருந்திலேயேதான் பொங்கல் வைக்க வேண்டும் என்றேன். "எனக்கும் அதே கதைதாங்க" என்று சிரித்தபடி அடுத்த ஆளிடம் போனார்.

என்னை அழைத்திருந்தவள் மஞ்சுளா. எங்கள் தொழிற்சாலையில் சர்க்யூட் பலகைகளில் குறை கண்டுபிடிக்கிற வேலை அவளுக்கு. மயிரிழைக் கீறலைக்கூட விடமாட்டாள். "அக்கா, நீங்க வந்தே ஆகணும். சாப்பாட்டுக்கு மட்டும் இல்ல, எனக்குத் துணைக்கு" என்று முந்தின நாள் கேன்டீனில் சொன்னாள். எதற்குத் துணை என்று எவ்வளவு குடைந்தும் வாயைத் திறக்கவில்லை.

ஓசூரைத் தாண்டும்வரை கம்பெனி மதில்கள்தான். பிறகு ரோஜாவுக்குப் போட்ட பிளாஸ்டிக் கூடாரங்கள், தக்காளி, அறுத்துப் போர் போட்ட ராகி. எட்டரைக்குக் கெலமங்கலத்தில் இறங்கினேன். மஞ்சுளாவின் ஊர் அங்கிருந்து நான்கு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் எண்பது கேட்டு அறுபதுக்கு இறங்கினார். அவர் எனக்குத் தமிழில் பொங்கல் வாழ்த்துச் சொன்னார், டீக்கடைக்காரரிடம் கன்னடத்தில் சங்கராந்தி வாழ்த்து, கைப்பேசியில் யாருக்கோ தெலுங்கில். "சாயங்காலம் வெள்ளனத் திரும்பிருங்க மேடம். சானமாவு காட்டுல நின்ன யானைங்க இந்தப் பக்கம் வருதுன்னு சொல்றாங்க" என்று எச்சரித்தும் விட்டார்.

ஒன்பது மணிக்கு மஞ்சுளாவின் வீடு. இரண்டே அறை. நடு அறையில் உட்கார்ந்து கொப்பரையைச் சன்னமாக அரிந்துகொண்டிருந்தாள். வறுத்த வெள்ளை எள், வெல்லத்துண்டு, நிலக்கடலை, பொட்டுக்கடலை எல்லாம் தனித்தனிக் கிண்ணத்தில் இருந்தன. இந்த எல்லைப்பக்கத்தில் சங்கராந்தியன்று இவற்றைக் கலந்து ஒருவருக்கொருவர் கொடுப்பார்கள். கொடுத்து வாங்கியவர்கள் அன்றைக்கு நல்ல வார்த்தை மட்டுமே பேச வேண்டும் என்பது வழக்கம்.

அவள் அம்மா முனியம்மா ஊர்ப் பெரிய வீட்டு ரத்னம்மாவின் தோட்டத்தில் பல வருடமாகக் கூலி வேலை செய்கிறார். சங்கராந்தி தோறும் இவர்கள் அங்கே போய் எள்ளும் வெல்லமும் வாங்கி வருவார்கள். வாங்குவதோடு சரி, கொடுத்ததே இல்லை. இந்த வருடம் கொடுப்பது என்று மஞ்சுளா முடிவு கட்டியிருக்கிறாள். என்னை வரச்சொன்னது இதற்குத்தான்.

"வேலைக்கு வராதேன்னுட்டா நான் யார்கிட்டடி போய் நிப்பேன்?" என்றார் முனியம்மா.

"என் சம்பளம் இருக்குதில்லம்மா."

"உனக்குச் சம்பளம் இருக்குது. எனக்கு அந்த வேலைதானே இருக்குது?"

மஞ்சுளா எல்லாவற்றையும் கலந்து ஒரு டப்பாவில் போட்டு மூடினாள். முனியம்மா முணுமுணுத்துக்கொண்டேதான் கூட வந்தார்.

பத்தரைக்கு ரத்னம்மாவின் வாசலில் நின்றோம். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "என்ன மஞ்சு, கம்பெனியில பெரிய ஆளாயிட்டியாமே!" என்றார். முனியம்மா முந்தானையை ஏந்த, கை படாமல் மேலிருந்து ஒரு பிடி எள்ளும் வெல்லமும் விழுந்தன. பிறகு என்னிடம் எந்த ஊர், யார் வீட்டுப் பெண் என்று விசாரித்தார். எங்களுக்கும் வயல் உண்டு, ஆள் வைத்துப் பயிர் செய்கிறோம் என்று சொல்லி வைத்தேன். உடனே உள்ளே போய்த் தட்டில் குங்குமமும் கரும்புத் துண்டும் எள்ளுமாகக் கொண்டுவந்து என் கையிலேயே கொடுத்தார். நானும் யோசிக்காமல் ஒரு வாய் போட்டுக்கொண்டேன்.

மஞ்சுளா டப்பாவைத் திறந்து, ஒரு பிடி அள்ளி, கையை நீட்டினாள். "சங்கராந்தி வாழ்த்துக்கள்க்கா. எடுத்துக்கோங்க."

ரத்னம்மா அந்தக் கையைப் பார்த்தார். திண்ணையோரம் கிடந்த முறத்தைக் காட்டினார். "அந்த முறத்துல வையி."

"கையில வாங்கிக்கோங்கக்கா."

"வாங்கிப் பழக்கமில்ல மஞ்சு. நல்ல நாள் அதுவுமா எதுக்கு வம்பு?"

"நானும் நல்லதுதானேக்கா பேசறேன்?"

நீட்டிய கையை அவள் மடக்கவில்லை. என் வாயிலிருந்த வெல்லம் கசந்தது. தட்டைக் கீழே வைத்திருக்கலாம், வைக்கத் தோன்றவில்லை. துணைக்கு வந்த லட்சணம் அது.

அசைந்தது முனியம்மாதான். இடுப்பில் செருகியிருந்த முந்தானையை அவிழ்த்தார். வாங்கியதை ஒரு எள் பாக்கியில்லாமல் அந்த முறத்தில் உதறினார். "இனிமே எங்களுக்கும் வாங்கிப் பழக்கமில்லைங்கம்மா" என்றார்.

ரத்னம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "நாளைக்கு வேலைக்கு வர்றதா இல்லையா?"

"கூப்பிட்டா வர்றேன். கூலிக்குத்தானே வர்றேன், கும்பிடுறதுக்கு இல்லைங்களே."

அதற்கப்புறம்தான் எனக்கு உறைத்தது. தட்டை வாசற்படியில் வைத்துவிட்டு அவர்கள் பின்னால் நடந்தேன். அதைத் தைரியம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

தோட்டத்து வேலி தாண்டியதும் முனியம்மா வரப்பிலேயே உட்கார்ந்தார். மஞ்சுளா டப்பாவை நீட்டினாள். அள்ளிப் போட்டு மென்ற முனியம்மா, "கொப்பரை கொஞ்சம் ஜாஸ்திடி" என்றார். பிறகு ஒரு பிடி எடுத்து என் கையைப் பிடித்து உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். "நீங்களும் தின்னுங்க." தின்றேன். நாளைக்கு வேலை உண்டா என்று மூவருக்குமே தெரியாது. அந்தக் கவலையோடுதான் மத்தியானம் ராகிக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் வயிறு முட்டச் சாப்பிட்டோம்.

மூன்று பத்துக்குக் கெலமங்கலத்தில் ஓசூர் பேருந்து ஏறினேன். அம்மா கைப்பேசியில் கூப்பிட்டாள். "ஏட்டி, பொங்கச் சோறு கிடைச்சுதா?" எங்கள் ஊரில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? இத்தனை வருடமாகப் பார்த்தும் பார்க்காமல் இருந்தவள் நான்தானே?

"அம்மா, நம்ம வயலுக்கு வார மாடத்தி இன்னைக்கு வந்தாளா?"

"வராம? பொறவாசல்ல பொங்கலை வாங்கிட்டுத்தான் போனா."

"அவ பொங்குன பொங்கலை நீ என்னைக்காவது கையில வாங்கித் தின்னுருக்கியா?"

"பஸ்சு எரைச்சல்ல ஒண்ணும் கேக்கலட்டி" என்றாள்.

பேருந்து அப்போது ரயில்வே கேட்டில் நின்றுகொண்டிருந்தது. என்ஜினைக்கூட அணைத்திருந்தார்கள். முன்னிருக்கை ஆட்கள் திரும்பிப் பார்க்கும்படி, அதே கேள்வியை மறுபடியும் சத்தமாகக் கேட்டேன்.