பசி அடங்காத பூனை

மலேசியாவில், கிள்ளானில் எங்கள் கடை வரிசைக்கு ஒரு பூனை உண்டு. யாருடையது என்று கேட்டால் வரிசை முழுக்கக் கை தூக்கும். ஆளுக்கொரு பெயர் வைத்துக் கூப்பிட்டோம். அந்தப் பெயர்களில் ஒன்றை மட்டும் இங்கே எழுதினால் நாளைக்கே என் கடை வாசலில் பஞ்சாயத்து கூடும் என்பதால் பெயரை விட்டுவிடுகிறேன்.

எனக்குச் சேலைக் கடை. பக்கத்துக் கடை சாப்பாட்டுக் கடை. அதை நடத்துபவர் ராமநாதபுரம் பக்கத்து முஸ்லிம் குடும்பத்தில் வந்தவர். என்னைவிடப் பெரியவர், அதனால் அண்ணே. எதிர்ப்பக்கம் பூக்கடை அக்கா. பூனை காலையில் அண்ணன் கடையில் மீன் தலை தின்னும், பிறகு என்னிடம் வந்து பிஸ்கட்டும் டின் மீனும் தின்னும், மத்தியானம் பூக்கடையில் தயிர்ச்சோறு. என் மகள் ஆறாம் ஆண்டு படித்தபோது குட்டியாக வந்து சேர்ந்தவள். மகள் இப்போது வேலைக்குப் போகிறாள் என்றால் பூனையின் வயதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வயதில் அவளுக்குத் திடீரென்று இளமை திரும்பியது. பட்டுச் சேலை அடுக்கின் உச்சிக்கு ஒரே தாவலில் ஏறினாள். நாள் முழுக்கக் கத்தினாள், நடந்தாள், கேட்டாள், தின்றாள். நாங்கள் பெருமைப்பட்டோம். வந்த வாடிக்கையாளர்களிடம், "கிழவியப் பாருங்க, எப்படிச் சாப்பிடுறா!" என்று காட்டினேன். நம் ஆட்களுக்கு அதற்கு மேல் ஒரு மருத்துவச் சான்று தேவையே இல்லை. நன்றாகச் சாப்பிட்டால் நன்றாக இருக்கிறோம், அவ்வளவுதான்.

ஆனால் அவள் இளைத்துக்கொண்டே போனாள். இங்கேதான் எங்கள் புத்தி போன போக்கைச் சொல்ல வேண்டும். இளைக்கிறாள் என்றால் யாரோ சோறு போடவில்லை. நான் போடுகிறேன், அது எனக்குத் தெரியும். ஆக, போடாதது மற்றவர்கள். பூக்கடை அக்கா என்னைச் சந்தேகப்பட்டார், நான் அண்ணனைச் சந்தேகப்பட்டேன். சட்டி சட்டியாக மீன் குழம்பு வைத்திருக்கும் மனிதர் ஒரு பூனைக்குக் கணக்குப் பார்க்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் நுரைக்க ஆற்றித் தரும் தே தாரேக் டீ வாங்குவதை நிறுத்தினேன். பேச்சையும் நிறுத்தினேன். அக்கா, "கண்ணு பட்டிருச்சு லா, வேற ஒண்ணுமில்ல" என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். மிளகாய் நெடியில் நாங்கள் தும்மினோம். பூனை போய் அண்ணன் கடையில் இன்னொரு தட்டு மீன் கேட்டது.

ஒரு நாள் அவளை மடியில் தூக்கினேன். கையில் முதுகெலும்பு வரிசையாகத் தட்டுப்பட்டது. நெஞ்சுக்கூட்டில் கை வைத்தபோது தையல் மெஷினை முழு வேகத்தில் ஓடவிட்ட மாதிரி இருந்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது. கடையைப் பாதியில் சாத்திவிட்டு, துணிக் கூடையில் அவளைப் போட்டு மிருக வைத்தியரிடம் ஓடினேன்.

டாக்டர் இளம்பெண், தமிழ்ப் பிள்ளை. பூனையின் தலையை மெல்ல நிமிர்த்தி, தொண்டையில் இரண்டு விரலை ஓட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது. ரத்தம் எடுத்தார். முடிவு வந்ததும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"தைராய்டு, ஆன்டி. அளவுக்கு மேல சுரக்குது."

"ஆனா நல்லா சாப்பிடுறாளே டாக்டர்!"

"அதுதான் ஆன்டி நோயே."

பிறகு அவர் சொன்னதை நான் வாய் பிளந்து கேட்டேன். கழுத்தில், மூச்சுக்குழாயின் இரண்டு பக்கமும், ஒரு பயறு அளவுக்குச் சின்னச் சுரப்பி. எச்சில் சுரப்பிக்கு இருப்பது போல அதற்குக் குழாய் கிடையாது. சுரப்பதை நேராக ரத்தத்திலேயே விட்டுவிடும். நாளமில்லாச் சுரப்பி என்று அதற்குத் தமிழில் பெயர். அந்த ஹார்மோன் போய் உடம்பில் ஒவ்வொரு மூலைக்கும் எந்த வேகத்தில் வேலை செய்வது என்று சொல்கிறது. வயதான பூனைகளுக்கு அதில் சின்னக் கட்டி வளர்ந்து, நிறுத்தாமல் சுரந்துகொண்டே இருப்பதுண்டாம். தின்றதெல்லாம் எரிந்து போகும், பசி அடங்காது, இதயம் ஓய்வில்லாமல் ஓடும்.

நான் பல வருடமாகத் தினமும் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை போடுகிறவள். ஆனாலும் அந்தச் சுரப்பி என்ன செய்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. "உங்களுக்குக் கொறைச்சல், இவளுக்கு ஜாஸ்தி" என்றார் டாக்டர். எனக்கு உட்கார்ந்தால் தூக்கம், இவளுக்குப் படுத்தாலும் ஓட்டம். இத்தனூண்டு சதைத்துண்டு ஒரு முழு உயிரை இப்படி ஆட்டிவைக்கிறதே என்று நினைக்க நினைக்கப் பிரமிப்பாக இருந்தது. கோயிலில்கூட நான் அவ்வளவு பணிவாக உட்கார்ந்ததில்லை.

"காலையில ஒரு வேளை, சாயங்காலம் ஒரு வேளை மருந்து. ஸ்கிப் பண்ணவே கூடாது. ஹார்ட் ரொம்ப டயர்டா இருக்கு, ஆன்டி. இப்படியே விட்டா தாங்காது."

திரும்பி வந்து அண்ணனிடம் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வராது. வானொலிச் செய்தி வாசிப்பது போல விஷயத்தை ஒப்பித்தேன். அவர் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். "நான் நீங்கதான் போடலன்னு நெனச்சேன் தங்கச்சி" என்று சிரித்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

மாத்திரை கொடுப்பது நடக்கவில்லை. மீனுக்குள் வைத்தால் மீனைத் தின்று மாத்திரையைச் சுத்தமாகத் துப்பி வைத்தாள். வாயைத் திறக்கப் போன அக்காவின் கை கிழிந்தது. கடைசியில் டாக்டர் அதே மருந்தைக் களிம்பாகக் கொடுத்தார். காது மடலின் உட்பக்கம் தடவினால் தோல் வழியாக உள்ளே போகும். நம் தோலிலும் ஏறும் என்பதால் கையுறை கட்டாயம். கையுறை அண்ணன் கடையில் பெட்டி பெட்டியாக இருந்தது. அதிகாலையிலும் இரவிலும் திறந்திருக்கும் கடையும் அது ஒன்றுதான். ஆளாளுக்குத் தடவினால் அளவு கூடிப்போகும், ஒரே கை என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மனசில்லாமல் அண்ணனுக்கே விட்டுக்கொடுத்தேன்.

மூன்றாவது வாரம் நோன்பு மாதம் பிறந்தது. அண்ணன் கடை பகலில் மூடியிருக்கும், சாயங்காலம்தான் திறப்பார். நான் கடைக்கு வரும்போது பக்கத்துக் கதவு சாத்தியே கிடந்தது. அப்படியானால் காலை மருந்து? நேராகக் கேட்டிருக்கலாம். கேட்பதற்கு முன்னால் கோபப்படுவது என் சுபாவம். சின்ன உயிர், ஒரு மாதம் காலை வேளை மருந்து நின்றால் என்ன ஆகும் என்று இந்த மனிதருக்குத் தெரியாதா என்று மனசுக்குள் பொரிந்து தள்ளினேன். நாக்கு நுனியில் சண்டையை வைத்துக்கொண்டு மறுநாள் வீட்டிலிருந்து முதல் ரயிலில் வந்து இறங்கினேன்.

கடைக் கதவு முழங்கால் உயரத்துக்குத் தூக்கியிருந்தது. குனிந்து பார்த்தேன். மடக்கிய நாற்காலிகளுக்கு நடுவே அண்ணன் தரையில் உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் கையுறை. பூனை அவர் மடியில். காதை மென்மையாகத் திருப்பி, களிம்பைத் தடவி, அவளிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வீடு பக்கத்து ஊரான ஷா ஆலத்தையும் தாண்டி. இதற்காக மட்டும் தினமும் விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் வந்து, தடவிவிட்டு, திரும்பிப் போய்த் தூங்குகிறார்.

"என்னா தங்கச்சி, இவ்ளோ காலையில?"

"சும்மாதான் அண்ணே" என்றேன். "எனக்குச் சொல்லியிருந்தா நான் வந்திருப்பேன்ல?"

"ஒரே கைன்னு டாக்டர் சொன்னாங்கல்ல."

அவ்வளவுதான் சொன்னார். நான் பார்த்த மனிதர்களில் இவரைப் போல ஒரு வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டு நடந்தவர் குறைவு. அந்த இடத்தில் அவர் மேல் எனக்கு வந்த மரியாதை இன்றுவரை இறங்கவில்லை.

பூனை உடனே தேறவில்லை. தின்றுகொண்டேதான் இருந்தாள், கத்திக்கொண்டேதான் இருந்தாள். மருந்து பிடிக்கவில்லையோ, இதயம் முந்திக்கொள்ளுமோ என்று அக்கா பூ கட்டும்போதெல்லாம் கேட்டார்.

நோன்பு முடியும் தறுவாயில் ஒரு சாயங்காலம். அண்ணன் கடையில் நோன்பு திறக்கக் கூட்டம் நிறைந்திருந்தது. ஒவ்வொருவர் முன்னாலும் பேரீச்சம்பழமும் தண்ணீரும் காத்திருந்தன. அவர் எப்போதும் போல முதலில் பூனையின் தட்டில் மீனை வைத்தார். நான் என் கடையில் சேலை மடித்துக்கொண்டிருந்தேன்.

"தங்கச்சி! சீக்கிரம் வாங்க! அக்காவையும் கூப்பிடுங்க!"

அவள் போய்விட்டாள் என்றே நினைத்தேன். சேலையைப் போட்டது போட்டபடி ஓடினேன். அக்கா சாலையைக் கடந்து ஓடி வந்தார்.

பூனை தூணோரம் உட்கார்ந்து நிதானமாக முகம் கழுவிக்கொண்டிருந்தாள். தட்டில் பாதி மீன் அப்படியே இருந்தது.

"மிச்சம் வச்சிட்டா" என்றார் அண்ணன். "வயிறு நெறைஞ்சு எந்திரிச்சுப் போயிட்டா தங்கச்சி."

நாங்கள் மூன்று பேரும் அந்தப் பாதி மீனைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அக்கா அழுதார், நானும் அழுதேன். நோன்பு திறக்கும் பாங்கு சொல்லி முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. சுற்றிலும் எல்லோரும் சாப்பிடத் தொடங்கிவிட்டார்கள். அண்ணன் இன்னும் ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். மேசையிலிருந்த குவளையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"மொதல்ல நீங்க குடிங்க அண்ணே."