சிமெண்டைக் கொத்தி எடுத்தவர்

நாற்பது நிமிடம். மம்சாபுரம் கொத்தனார் சோணைமுத்துவின் பதினோரு வருட மலேசிய அனுபவத்தை அளக்க, ராஜபாளையத்தில் ஒரு தேர்வு மையம் ஒதுக்கிய நேரம் அவ்வளவுதான்.

அந்தப் பதினோரு வருடமும் மலாக்காவில் ஒரே பள்ளிவாசலில்தான் வேலை. தமிழ் முஸ்லிம் வணிகர்கள் முதலில் மரத்தில் எழுப்பி, பிறகு செங்கல்லுக்கு மாற்றிய கட்டடம். குவிமாடம் கிடையாது, ஜாவா பாணியில் மூன்றடுக்கு ஓட்டுக்கூரை. மினார் சீனக் கோபுரம் மாதிரி. உள்ளே ஐரோப்பியத் தூண்கள். எப்போதோ யாரோ சிமெண்டு பூசி ஒட்டுப்போட்டதில், ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே செங்கல் பொடியாகிக்கொண்டிருந்தது. அந்தச் சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு பூசியவர்களில் சோணைமுத்து ஒருவர்.

பெர்மிட் முடிந்து, போன வருடம் ஊர் திரும்பினார். இப்போது மினாரில் வேலை தொடங்குகிறது. பழைய மேஸ்திரி கூப்பிட்டுவிட்டார். ஒரே நிபந்தனை, சாரம் ஏறும் அன்று ஆள் அங்கே நிற்க வேண்டும். இல்லையென்றால் வேறு ஆள். ஏஜெண்டோ தேர்ச்சிச் சான்றிதழ் இல்லாமல் விசாவுக்குப் போட முடியாது என்கிறார். அதற்குத்தான் இந்தத் தேர்வு: சிமெண்டுப் பூச்சு.

சுவரில் மூன்று முறை தண்ணீர் அடித்தார். சுண்ணாம்பு என்றால் சுவர் நன்றாகத் தண்ணீர் குடித்திருக்க வேண்டும். கை தானாக அதைச் செய்தது. அவ்வளவு ஈரத்தில் சிமெண்டு பிடிக்கவில்லை. இருபதாவது நிமிடம் மொத்தப் பூச்சும் சரிந்து அவர் காலில் விழுந்தது.

தேர்வாளர் கௌதம்ராஜ் சிரித்தேவிட்டார். "என்னண்ணே, செவுத்தக் குளிப்பாட்டிட்டீக? அங்க என்னதான் வேல பாத்தீக?"

"சிமெண்டப் பேத்து எடுக்குற வேல சார்."

"பேத்து எடுக்கவா? அதுக்கு இங்க பரீட்சை இல்லியே!"

இந்தப் பள்ளிவாசலில்தான் என்று சோணைமுத்து செல்போனில் படம் காட்டினார். கௌதம்ராஜ் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "டூம் எங்கண்ணே? கோயில் மாதிரில்லா இருக்கு." பிறகு தாளில் 'தேர்ச்சி இல்லை' என்று எழுதினார்.

வீட்டில் மனைவி நாகஜோதி அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஊர்ல அம்புட்டுப் பயலும் பூசுதான். பதினோரு வருசம் சீமைக்குப் போன ஆளு, பூச வரலைங்குதீக."

"அது வேற பூச்சுடி."

"என்ன வேற? நம்ம கக்கூசுச் செவுரு பேந்து கெடக்கு. மொதல்ல அதுல பூசிப் பழகுங்க."

மறுநாள் பழகினார். அரை மணி நேரத்தில் சிமெண்டு கச்சிதமாக ஒட்டிக்கொண்டது.

டிசம்பர் முதல் தேதி மலாக்காவில் சாரம் ஏறுகிறது. ராஜபாளையத்தில் அடுத்த தேர்வு அதே மாதம் ஒன்பதாம் தேதி.